ரீஸ்டார்ட் செய்யாத ஞாயிற்றுக்கிழமை

சர்வரின் சி.பி.யூ. நூறு சதவீதத்தைத் தொட்டதும் உங்கள் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என் கையும் அங்கேதான் போகும். ரீஸ்டார்ட். அதைவிடச் சுகமான மருந்து நம் தொழிலில் கிடையாது. கொஞ்ச நேரம் எல்லாம் செத்துக் கிடக்கும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நிற்கும். வாடிக்கையாளரிடம் "சரி பண்ணிட்டோம் சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். எதனால் வந்தது என்று யாராவது கேட்டால் "லோடு ஜாஸ்தி" என்ற பதில் இருக்கவே இருக்கிறது.

கட்டளைகள் எல்லாம், இன்றைக்குச் சர்வர் பார்க்கிற உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லித்தர நான் வரவில்லை. பயத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால் சொல்வேன். பயந்தவர்தான் தப்புச் செய்வார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை, வந்த பயத்தை உடனே தொலைத்துக் கட்ட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்தான் செய்கிறார். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், கைபேசியில் குரல் விட்டு விட்டுக் கேட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பேசுகிறவர் கேஸ் சிலிண்டர் போடுகிறவராக இருந்தாலும் சரி. ஏன் என்று கேளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் கிடங்குக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். இணையம் வழியாகப் பேசும் போன் வசதியைச் சின்ன நிறுவனங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம், லாரி புக்கிங், கண் ஆஸ்பத்திரி என்று பலருடைய அழைப்புகள் எங்கள் அறையில் இருந்த சர்வர்கள் வழியாகத்தான் போகும், வரும். பட்டாபிராமில் இருந்த ஒரு தனியார் ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்கு மட்டும் தனியாக ஒரு சர்வர். மற்றவர்களுடைய நெரிசல் அவர்களைத் தொடக்கூடாது என்று அப்படி வைத்திருந்தோம்.

அந்த அலுவலகத்தில் முன்னறையில் இரண்டு மேசை, இரண்டு போன். ஒன்றில் ரெஜினா, இன்னொன்றில் தனலட்சுமி. எந்த அழைப்பானாலும் முதலில் ரெஜினாவின் மேசைக்குப் போகும். தனலட்சுமியின் மேசைக்கு வருவது, பின்னால் டிரைவர்கள் அறையில் இருக்கும் போனிலும் சேர்ந்து அடிக்கும். இரண்டு பெண்களும் அப்படி ஒரு சிநேகம். ஞாயிறு காலை சர்ச்சில் பூசைக்குப் போகும்போது ரெஜினா, தனக்கு வரும் அழைப்புகள் தனலட்சுமிக்குப் போகும்படி போனில் ஃபார்வர்ட் போட்டுவிட்டுப் போவாள். தனலட்சுமி வீட்டில் விசேஷம் என்றால் அவள் ரெஜினாவுக்குப் போட்டுவிட்டுப் போவாள். மேலிடத்தில் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. பண்டிகைக்குப் பண்டிகை ஒருவருக்கொருவர் இப்படித் தாங்கிக்கொண்டார்கள். டிசம்பரில் கேக்கும் தையில் பொங்கலும் எங்கள் அலுவலகம் வரைக்கும் வரும். குறை சொல்ல வாயே வராது.

அன்று ஆடி மாதத்து ஞாயிறு. அலுவலகத்தில் நானும் ராபின்சனும் மட்டும். ராபின்சன் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர், என்னளவுக்கு அனுபவம். அவருக்குக் கை வேகம், எனக்கு வாய் வேகம். எங்கள் இருவரையும் ஒரே ஷிஃப்டில் போட்டவருக்குப் புண்ணியம்.

காலையில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது ஒரு சர்வரின் ஃபேன் சத்தம் திடீரென்று ஏறியது. திரையைப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் சர்வர். சி.பி.யூ. நூறு. எப்போதும் ஒற்றை இலக்கத்தில் படுத்துக் கிடக்கும் மெஷின் அது. 'என்ன இது' என்று கேட்டு வாய் மூடவில்லை, என் கைபேசி அடித்தது.

"மேடம், நான் ஏழுமல. ஆம்புலன்ஸ் டிரைவரு. போனு இன்னா மேடம் இப்டி கீது? ஒரு பொண்ணு பேசிகினு கீது, ஒண்ணுமே புர்ல. கொரகொரன்னுது."

"எங்கே இருந்து பேசுது?"

"அத்தத்தான் மேடம் நானும் கேட்டுகினு கீறேன்! புருசன் வுயுந்துட்டாருன்னு மட்டும் காதுல உயுந்துச்சு. ஊடு எங்கன்னு சொல்லிச்சுன்னா வண்டிய எட்த்துருவேன். வண்டி வாசல்லதான் கீது."

ஒரு காதில் டிரைவர் அறை போன், இன்னொரு காதில் தன் கைபேசி என்று நின்றுகொண்டிருந்தார் மனுஷன். அவருடைய கைபேசி வழியாக அந்தப் பெண்ணின் குரல் எனக்கும் லேசாகக் கேட்டது. "அண்ணா..." என்று வரும். பிறகு ஒரு கரகரப்பு. பிறகு "...மூச்சு..." பிறகு ஒன்றுமே இல்லை. மறுபடி "அண்ணா".

"ஏழுமலை, நம்பர் என்ன காட்டுது பாருங்க. நான் என் செல்லுல இருந்து அந்தப் பொண்ணைக் கூப்பிடறேன்."

"நம்ம ரெஜினாக்கா சீட்டு நம்பருதான் காட்டுது மேடம்."

அவ்வளவுதான். ஃபார்வர்ட் ஆகி வரும் அழைப்பில் கூப்பிட்டவரின் எண் தெரியாது, ஃபார்வர்ட் போட்டவரின் எண்தான் தெரியும். எங்கள் அமைப்பு அப்படி. அழைப்பு முடிந்தால்தான் உண்மையான எண் பதிவில் ஏறும். நடுவில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் ஏறாமலே போய்விடும். பேசுகிற பெண்ணின் பெயர் தெரியாது, எண் தெரியாது, தெரு தெரியாது. அந்தக் கரகரப்பான ஒரு அழைப்புதான் எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. அது அறுந்தால் அவளை எங்கே போய்த் தேடுவது?

"உங்க செல் நம்பரைச் சொல்லி அதுல கூப்பிடச் சொல்லுங்க. இல்லேன்னா அரசாங்க ஆம்புலன்ஸையாவது கூப்பிடச் சொல்லுங்க."

"தொண்ட கியிய கத்திகினே கீறேன் மேடம். அதுக்கும் நான் பேசறது கேக்கல. அண்ணா அண்ணான்னே கெடக்குது."

அதற்குள் ராபின்சன் என் பக்கத்துக் கீபோர்டை இழுத்துவிட்டார். "ரீஸ்டார்ட் குடுத்துடறேன் மேடம். ரெண்டே நிமிஷம், லைன் கிளியர் ஆயிடும்."

"கையை எடுங்க!"

நான் கத்திய கத்தலில் கீழே கிடங்கில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். ராபின்சன் கையை எடுத்தார், ஆனால் விடவில்லை. "அந்தப் பொண்ணு திரும்பக் கூப்பிடும் மேடம். யாரா இருந்தாலும் கூப்பிடுவாங்க."

"கூப்பிடலைன்னா? பயத்துல போனை வீசிட்டுத் தெருவுல ஓடிட்டா?"

"இப்படியே விட்டா சர்வர் தானா விழுந்துடும். அப்ப மட்டும் அழைப்பு நிக்குமா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அதை இன்றைக்கும் சொல்கிறேன். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் உறுதியாக அறுந்துவிடும், செய்யாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம்.

"வெளியில இருந்து எவனோ பாஸ்வேர்டு உடைக்கப் பாக்கறான்" என்றார் அடுத்து. "வெளிக் கதவை மொத்தமா சாத்திடலாம். சி.பி.யூ. இறங்கிடும்."

அதுவும் நடக்கிறதுதான். நம் தொழிலில் பாதித் தலைவலி அதுதான். ஆனால் கதவைச் சாத்தினால் திருடனோடு சேர்த்து அந்தப் பெண்ணின் குரலும் வெளியில் நின்றுவிடும். சாத்துவதற்கு முன்னால், வந்திருப்பவன் திருடன்தானா என்று பார்க்க வேண்டாமா? சர்வர்களை அடுக்கியிருந்த ரேக்கில் அந்த ஆம்புலன்ஸ் அலுவலகத்தின் வெளி லைன்களுக்கு என்று தனியாக ஒரு பெட்டி உண்டு. ஒரு லைனில் அழைப்பு இருந்தால் அதன் விளக்கு பச்சையாக எரியும். எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்று விளக்குகள் எரிந்தன. திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். சர்வர் தனக்குள் முந்நூற்றுக்கும் மேல் அழைப்புகள் ஓடுவதாகக் காட்டியது. நான் பார்க்கப் பார்க்க அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. விளக்குகள் மட்டும் அதே மூன்று.

வெளியிலிருந்து மூன்று பேர் வந்திருக்கிறார்கள், உள்ளே முந்நூறு பேர் ஓடுகிறார்கள். திருடன் யாரும் இல்லை. நம் வீட்டுக்குள்ளேயே ஏதோ குட்டி போட்டுக்கொண்டிருந்தது. ராபின்சனிடம் விளக்குகளைக் காட்டினேன். அவர் கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அப்போது எனக்கு விடை தெரியாது என்பதைத்தான். என்னதான் யோசித்தாலும் அந்தப் பெண்ணின் "அண்ணா" காதில் விழுந்ததும் யோசனை அறுந்து போகும். ஒரு கட்டத்தில் கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். கொடுமைதான், ஆனால் அப்படித் தள்ளிப் பிடித்த பிறகுதான் ஏழுமலை சொன்னது மண்டையில் ஏறியது. ரெஜினா சீட்டு நம்பர் காட்டுகிறது என்றாரே, அப்படியானால் ரெஜினா சீட்டில் இல்லை. தனலட்சுமிக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தனலட்சுமி இருந்தால் அவள் அல்லவா எடுத்திருக்க வேண்டும்? டிரைவர் ஏன் எடுத்தார்?

"ஏழுமலை, ரெஜினா எங்கே?"

"பூசைக்கிப் பூட்டாங்க மேடம். அவங்க அக்கா பொண்ணுக்கு இன்னிக்கிப் புதுநன்ம, மொத மொதல்ல அப்பம் வாங்குதாம். முட்ய லேட்டாவும் போலகீது."

"தனலட்சுமி?"

"அதும் ஊட்டுக்குப் பூட்ச்சு. ஆடி மாசமாச்சே, ஊட்ல கூயி ஊத்தறாங்க. ரெஜினாக்கா இதோ வந்துரும்னு இப்பதான் கெளம்பிச்சு."

"போகும்போது போன்ல ஏதாவது அழுத்துச்சா?"

"அது எப்பவும் அயுத்திட்டுத்தான் மேடம் பூவும்."

கிழிஞ்சது போ என்று தலையில் அடித்துக்கொண்டேன். பூசை நீண்டுவிட்டது, கூழ் நேரம் நெருங்கிவிட்டது. ரெஜினாவின் போன் தனலட்சுமிக்கு, தனலட்சுமியின் போன் ரெஜினாவுக்கு. அந்தப் பெண்ணின் அழைப்பு முதலில் வந்தது, தனலட்சுமி அழுத்துவதற்கு முன்னால் டிரைவர் அறையிலும் அடித்தது, ஏழுமலை எடுத்துவிட்டார். பின்னால் வந்த இரண்டு அழைப்புகளும், தனலட்சுமியின் போன் ஃபார்வர்டில் இருந்ததால் டிரைவர் அறையில் அடிக்கவில்லை, எடுக்க ஆளில்லை. அக்காவைக் கேள் என்று தங்கையும், தங்கையைக் கேள் என்று அக்காவும் அனுப்புகிற மாதிரி, இரண்டு மேசைக்கும் நடுவில் அவை சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் சர்வர் ஒரு புது அழைப்பைப் பிறப்பித்தது. இத்தனை சுற்றுக்கு மேல் போனால் நிறுத்து என்று சர்வரில் ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்தது. அந்த வரியை மறுநாள் எழுதினோம்.

காரணம் தெரிந்துவிட்டது, பயம் போய்விடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்போதுதான் அதிகமானது. சுற்றுகிற அழைப்புகளை என் இடத்திலிருந்தே வெட்டலாம். ஆனால் திரையில் இருந்த முந்நூற்றில் ஒன்று அந்தப் பெண்ணுடையது. பாதியின் மேல் தனலட்சுமியின் எண், அவளுடையதையும் சேர்த்து மீதிப் பாதியின் மேல் ரெஜினாவின் எண் எழுதியிருந்தது. எது அவள், எது குப்பை என்று பிரிக்கவே முடியவில்லை. சர்வர் திணறிய திணறலில், நான் ஒரு எழுத்தை அடித்தால் அது திரையில் வருவதற்கே பெரும்பாடு ஆனது. தப்பான வரியை வெட்டினால் நானே அவளைக் கொன்ற மாதிரி. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏழுமலை, முன்னறைக்கு ஓடுங்க. ரெஜினா போனை எடுத்து ஸ்டார் போட்டு ஏழு மூணு அழுத்துங்க. ஃபார்வர்ட் கேன்சல் ஆயிடும். லைன் சரியாயிடும்."

"இத்த வுட்டுட்டா மேடம்?"

டிரைவர் அறை போன் ஒயர் வைத்த போன். அதை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"வைக்காதீங்க. கட் பண்ணாம அப்படியே மேஜை மேல வச்சுட்டுப் போங்க."

"அது தனியா கீதே மேடம்."

இந்த முனையில் சத்தம் நின்றதும் அவள் போனை வைத்துவிட்டால்? மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அந்த சர்வர் அவள் எண்ணை எழுதி முடிக்கும் என்று எந்த நம்பிக்கையும் இல்லை. அனுப்பினால் அது ஒரு ஆபத்து, அனுப்பாவிட்டால் இன்னொரு ஆபத்து. ராபின்சன் என் முகத்தையே பார்த்தார். "ஓடுங்க" என்றேன்.

ஏழுமலை ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் செய்ததை நான் சொல்லித்தரவில்லை. ஓடிக்கொண்டே கத்தினார். "யம்மா வெச்சிராத! கீறேன்மா! இங்கதான் கீறேன்! வெச்சிராத!" அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, அந்த மனிதர் முன்னறை வரைக்கும் கத்திக்கொண்டே போனார்.

"அயுத்திட்டேன் மேடம். ஒண்ணும் ஆவல."

"மறுபடி."

"சத்தமே வர்ல மேடம்!"

"மறுபடி அழுத்துங்க, ஏழுமலை. நிதானமா."

திரையில் எண்ணிக்கை இன்னும் ஏறியது. ராபின்சன் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டார். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது, கிடைத்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அப்புறம் ஃபேன் சத்தம் இறங்கியது. திரையைப் பார்க்காமலே தெரிந்தது. முந்நூறு, இருநூறு, நாற்பது என்று சரிந்து, கடைசியில் விரல்விட்டு எண்ணக்கூடிய அழைப்புகள்தான் நின்றன. அவற்றில் அவள் இருக்கிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏழுமலை திரும்பி ஓடும் காலடிச் சத்தம். ரிசீவரை எடுத்தார்.

"யம்மா? யம்மா, கீறியா?"

ஒன்றும் இல்லை.

"யம்மோவ்!"

"இருக்கேண்ணா" என்றது அந்தக் குரல். தெளிவாக, பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ராபின்சன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஊடு எங்கம்மா? தெரு பேரு சொல்லு."

"தெரு பேரு தெரியாதுண்ணா. குடி வந்து பத்து நாள்தான் ஆகுது. புது பிளாட்டு. எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாருண்ணா!"

"அயுவாத. பக்கத்துல இன்னா கீது? எதுனா கட, கோயிலு?"

"எதிர்ல வெல்டிங் பட்டறை. பின்னாடி ரயில் போகும், மிலிட்டரிக்காரங்க ரயில். கீழ மாவு மில்லு."

"பட்டற எதிர்ல மாவு மில்லா? சரி சரி, தெரியும். கதவத் தொற்ந்து வையி. வந்துகினே கீறேன்." பிறகு என்னிடம், "மேடம், நான் வண்டி எட்த்துட்டேன்னா இது மறுபடி தனியாப் பூடும். நீங்க பேசிகினு இருங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெக்கச் சொல்லுங்க, சட்டைய லூஸ் பண்ணச் சொல்லுங்க, தண்ணி கிண்ணி ஊத்த வோணாம்."

இப்போது சர்வர் சொன்ன பேச்சைக் கேட்டது. அவள் அழைப்பில் நானும் உள்ளே நுழைந்தேன். ரெஜினா மேசையில் அடித்துக்கொண்டிருந்த மற்ற இரண்டு அழைப்புகளையும் ராபின்சன் தன் போனுக்கு இழுத்துக்கொண்டார். ஒன்று நாளைக்கு ஸ்கேனுக்கு அழைத்துப்போக வண்டி கேட்டவர், இன்னொன்று ராங் நம்பர். அவர்களிடம் அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான பேரின் பேச்சை அங்கேயும் இங்கேயும் அனுப்பியிருக்கிறேன். அதில் நானே பேசியது அதுதான் முதல் தடவை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஏழுமலை சொன்னதை அப்படியே சொன்னேன். செய்தாள். "நீங்க டாக்டராம்மா?" என்று கேட்டாள். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"இல்லம்மா. போன் ரிப்பேர் பாக்கறவ. வண்டி வர்ற வரைக்கும் நான் இருக்கேன். வைக்காதே."

"மூச்சு விடுறாரான்னு தெரியலம்மா."

"மூக்குகிட்ட கையை வச்சுப் பாரு."

"என் கை நடுங்குதும்மா. தெரியல."

இருக்கேன், இருக்கேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வழியில் கோயில் பந்தல், கூழ் வாங்கும் கூட்டம், எங்கெங்கே வண்டி மாட்டிக்கொள்ளுமோ என்று ஒவ்வொன்றாக மனசில் ஓடியது. பிறகு போனுக்குள் தூரத்தில் சைரன் கேட்டது. நெருங்கி வந்து நின்றது. படிக்கட்டில் காலடிச் சத்தம். அவள் போனைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள்.

ஏழுமலையின் குரல் கேட்டது. யாரிடம் சொன்னார் என்று தெரியாது. "மூச்சு கீது. தூக்கு, தூக்கு."

அப்புறம் ஸ்டிரெச்சர் இடிக்கும் சத்தம், அவள் அழுகை, எல்லாம் படி இறங்கிப் போயின. சைரன் தேய்ந்து மறைந்தது. அவள் போனை எடுத்துப் போகவில்லை. அழைப்பு அப்படியே இருந்தது. காலியான அந்த வீட்டின் ஃபேன் ஓடும் சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேடம், அங்க யாரும் இல்ல. வெட்டிடலாமே" என்றார் ராபின்சன்.

வெட்டியிருக்கலாம். அந்த அழைப்பால் இனி ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் கிடையாது. இத்தனை வருடம் மெஷினோடு குப்பை கொட்டியவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் வெட்டினால் அந்த மனிதரின் மூச்சும் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. சிரிக்காதீர்கள். அப்படித்தான் இருந்தது. ராபின்சன் சிரிக்கவில்லை. ஆளில்லாத வீட்டை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

கைபேசி அடித்தது. அதை எடுக்கவே பயம். ராபின்சன்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், ஆஸ்பத்திரில சேத்தாச்சு. டாக்டரு பாத்துகினு கீறாரு. பொயச்சிக்குவாராம். கண்ணு முயிச்சி, பொஞ்சாதி பேரச் சொல்லிக் கூப்டாரு மேடம்."

அவள் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். அதன் பிறகுதான் அந்த அழைப்பை வெட்டினேன்.